முகப்பா, பின்கட்டா: தெருவைக் காக்கும் விதிகளில் எது வீட்டுக்காரருக்கு ஏற்றது?

சிங்கப்பூரில் பழைய வரிசைவீட்டுத் தெரு ஒன்றை மரபுக் கட்டடப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கலாமா என்ற பேச்சு எழுந்தால், அங்கே குடியிருப்போர் வேண்டும், வேண்டாம் என இரு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். நகர மறுசீரமைப்பு ஆணையம் 1989இல் முதன்முதலாக இத்தகைய பகுதிகளை அறிவித்ததிலிருந்து இன்றுவரை 7,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சிங்கப்பூரில் பாதுகாக்கப்பட்டுள்ள போதிலும், அவை அனைத்துக்கும் விதியின் கடுமை ஒன்றாக இருந்ததில்லை. எனவே எந்த அளவு விதி வேண்டும் என்று கேட்பதே பொருத்தம்.

மிகக் கடுமையானது லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் போன்ற வரலாற்று வட்டாரங்களுக்கு உரியது. அங்கே கட்டடம் முழுவதையும் காக்க வேண்டும்: களிமண் ஓடு வேய்ந்த கூரை, இரு வீட்டுக்கும் பொதுவான சுவர், மரத்தூலம், படிக்கட்டு, முற்றம் எதுவும் விலக்கல்ல. கடைவீட்டுக்கு இது பொருந்தலாம். குடும்பம் பெருகும் வீட்டுக்கு இறுக்கமான சட்டை. லிட்டில் இந்தியாவின் கெர்பாவ் சாலையில் 1900இல் எழுந்த, டான் டெங் நியா என்ற சீன வணிகரின் வீடு அழகாகவே நிற்கிறது, ஆனால் இன்று அது வணிக இடம்.

எமரால்டு ஹில், கேர்ன்ஹில், பிளேர் பிளெய்ன் ஆகியவை குடியிருப்பு வரலாற்று வட்டாரங்கள். இங்கே முன்கட்டைக் காத்துக்கொண்டு பின்கட்டை நீட்டலாம். ஆயினும் நீட்டிய பகுதி முதன்மைக் கூரையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். ஜூ சியாட், கேலாங் போன்ற இரண்டாம் நிலைக் குடியேற்றப் பகுதிகளில், அதாவது பழைய நகர மையத்துக்கு வெளியே உருவான குடியிருப்புகளில், கை இன்னும் தளர்கிறது: முன்கட்டு அப்படியே நிற்க, பின்னால் அந்தப் பகுதிக்கு வகுத்த உயர வரம்பு வரை புதிதாக எழுப்பலாம். தாய் தந்தையோடும் மணமான பிள்ளைகளோடும் சேர்ந்து வாழ நினைப்பவர் இதைத் தேடுவதில் வியப்பில்லை.

பாதுகாப்பே வேண்டாம் என்போர் கட்டுப்பாடே இல்லாத நிலையை எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் சாதாரணத் தரைவீட்டுக்கும் உயர வரம்பு உண்டு: இரண்டு மாடிப் பகுதியில் 12 மீட்டர், மூன்று மாடிப் பகுதியில் 15.5 மீட்டர். அதற்குள் பழைய வீட்டை இடித்து விருப்பப்படி கட்டலாம் என்பது எனக்குக் கிடைக்கும் உரிமை மட்டுமன்று, என் அண்டை வீட்டாருக்கும் கிடைக்கும் உரிமையே.

இந்த இடத்தில்தான் என் கருத்து உறுதிப்படுகிறது. இவ்வீடுகள் குறுகலானவை, நீளமானவை. இருபுறமும் பொதுச்சுவர் நிற்பதால் நடு அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாகத்தான் இறங்குகின்றன. பக்கத்து வீட்டுப் பின்கட்டு நான்கு மாடியாக எழும்பினால் தெருவில் நிற்பவருக்கு அது அவ்வளவாகத் தெரியாமல் போகலாம், முகப்பு எழில் குலையாது. என் முற்றம் மட்டும் இருண்டுபோகும். ஆகவே ஒடுக்கமான வரிசைவீடுகளுக்கு எமரால்டு ஹில் வகை விதியையே நான் ஏற்பேன். இதனால் ஓரிரு அறைகளை இழக்க நேரிடும் என்பது உண்மையே. மனை அகன்றதாகவும் பின்னால் சந்து உள்ளதாகவும் இருந்தால் ஜூ சியாட் வகை போதும்.

கறையான் அரித்த தூலத்தை மாற்றும் செலவு, அனுமதி பெறும் அலைச்சல் ஆகியவை பற்றிய முறையீடு நியாயமானது; பாதுகாப்பு எந்த வகையானாலும் அந்தச் சுமை வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது. விலை ஏறுமா, இறங்குமா என்ற வாதத்தை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை, ஏனெனில் விற்க நினைப்பவருக்கும் தங்க நினைப்பவருக்கும் அது ஒரே கேள்வி அன்று. ஆதரவோ எதிர்ப்போ தெரிவிக்குமுன், பின்கட்டுக்கு எத்தனை மாடி வரை அனுமதி என்பதை எழுத்தில் கேட்டறிந்து, அந்த உயரத்தில் பக்கத்துச் சுவர் எழுந்தால் நண்பகல் வெயில் தம் முற்றத்தில் எதுவரை விழும் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.