மணல்காடா, மண்ணித்தலையா, சுண்டிக்குளமா?

நான்கு நண்பர்கள், இரண்டு வாகனங்கள், ஓர் இரவு என்ற கணக்கில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுபவர்கள், தார் வீதி முடிந்த பின்னும் ஓடிச் சென்று கூடாரம் அடிக்கக்கூடிய இடங்களாகப் பெரும்பாலும் இந்த மூன்றையுமே சொல்கிறார்கள். நெடுந்தீவையும் சிலர் சேர்ப்பதுண்டு. ஆனால் குறிகட்டுவானில் வாகனத்தை விட்டுவிட்டுப் படகேறும் பயணம் வேறு வகை. மூன்று இடங்களையும் காட்சியழகை வைத்து ஒப்பிடுவதே வழக்கம். புதைந்த வாகனத்தை வெளியே எடுப்பது எங்கே எளிது என்று கேட்டுப் பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது.

மணல்காடு வல்லிபுரத்துக்கு அப்பால், வடமராட்சி கிழக்குக் கரையில் இருக்கிறது. மணலில் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயிலும் சவுக்குக் காடும் அடையாளங்கள். இங்கே நிலம் உலர்மணல் என்பதுதான் பெரிய வசதி. ரயரில் 32 இறாத்தல் (psi) இருக்கும் காற்றைப் பதினாறு, பதினெட்டுக்கு இறக்கினால் ரயர் அகன்று மணலின் மேல் மிதக்கத் தொடங்கும். சில்லு நகராமல் நின்ற இடத்திலேயே சுழன்றால் உடனே நிறுத்தி, முன்னால் இரண்டு தென்னோலைக் கிடுகுகளைப் போட்டு மெதுவாக ஏறிவிடலாம். கடைகளில் விற்கும் விலையுயர்ந்த பிளாஸ்டிக் தட்டுகளை விட நனைத்த கிடுகு மேல் என்பது என் எண்ணம். அப்படியும் முடியாவிட்டால், கரைவலைக் காலத்தில் மீனவர் வாடிகளுக்குப் பக்கத்தில் உழவு இயந்திரம் ஒன்றாவது நிற்கும். ஒரு குறை: மணல் திட்டிகளின் மேல் ஓட்டக்கூடாது. அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைத்திருக்கும் அந்த மணல்தான் ஊரின் நன்னீரையும் தாங்குகிறது. ஏற்கனவே மணல் அள்ளி நொந்த இடத்தில் சில்லுத் தடமும் தேவையில்லை. இராவணன் மீசையின் முட்தலை கூடாரத்தின் அடித்துணியையும் துளைத்துவிடும் என்பதால், படுக்கும் இடத்தை வெறும் காலால் ஒருமுறை தடவிப் பார்ப்பது நல்லது.

மண்ணித்தலை கொழும்புத்துறைக் கரையில் நின்றாலே எதிரே தெரிகிறது. ஆனால் வீதியால் போவதென்றால் நாவற்குழி, கேரதீவு, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி என்று சுற்றி, கௌதாரிமுனைப் பாதையில் குலுங்கிக்கொண்டு மேற்கே திரும்ப வேண்டும். பாழடைந்த பழைய சிவன் கோயிலும், இரவில் கடலேரிக்கு அப்பால் மின்னும் யாழ்ப்பாணத்து விளக்குகளும் மற்ற இரண்டிலும் கிடைக்காதவை. ஆபத்து மணலில் இல்லை, கடலேரி ஓரத்து வெட்டவெளியான தரவையில் இருக்கிறது. ஒரு தைமாதம் வெள்ளை உப்புப் பூத்த தரையைக் குறுக்குவழி என்று நம்பி இறக்கிய எங்கள் கப் வாகனம், நான்கு சில்லுகளும் இழுத்தும் அச்சு வரை சுரியில், அதாவது சேற்றில், அமிழ்ந்தது. மேலே விரல் தடிப்புக்கு உலர்ந்த ஓடு, கீழே கறுத்த களி. காற்றை இறக்கியும் பலனில்லை, கிடுகையும் சுரி விழுங்கியது. மூன்று மணி நேரம் கழித்து உழவு இயந்திரத்துடன் வந்த பெரியவர், கயிற்றைக் கொழுவிக்கொண்டே, "தம்பிமார், இது தரையில்லை, மூடி வைச்ச கடல்" என்றார். அன்றிலிருந்து அத்தகைய தரையில் நாங்கள் முதலில் நடக்கிறோம்: குதிக்காலால் அழுத்திய குழியில் நீர் கசிந்தால் வாகனம் இறங்காது.

சுண்டிக்குளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் என்பதால், வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் உள்ளே இரவு தங்கும் பேச்சுக்கே இடமில்லை. பூநாரைகளைப் பார்க்கும் மாரிகாலத்தில்தான் அங்கும் சுரி மோசம். பகலில் போய்ப் பறவை பார்த்துத் திரும்புவதற்கு ஈடில்லாத இடம். முகாமுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். போகும் வழியில் நாகர்கோவில், முகமாலைப் பக்கங்களில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடத்தில், பழகிய தடத்தை விட்டு ஒரு சில்லும் விலகக்கூடாது.

மிச்சமிருப்பது காற்றின் கணக்கு. வைகாசி முதல் தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும்போது மண்ணித்தலையில் கூடாரத்தை ஊன்றுவதே போராட்டம். அதே காலத்தில் மணல்காட்டுக் கடல் ஒதுக்காக, அமைதியாகக் கிடக்கும். வடகிழக்குக் காற்றான வாடை தொடங்கியபின் மணல்காட்டுக் கரையில் அலை கொந்தளிக்கும், மண்ணித்தலைத் தரவையில் நீர் நிற்கும். அந்த மாதங்களில் வீட்டிலிருந்தே ஒடியல் கூழ் காய்ச்சிக் குடிக்கலாம். ஆகவே முதல்முறை போகிறவர்களும் இரண்டு சில்லு மட்டும் இழுக்கும் வாகனம் வைத்திருப்பவர்களும் ஆனி, ஆடியில் மணல்காட்டுக்கே போகட்டும். அதுவும் மணல் தொடங்கும் இடத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டு. நான்கு சில்லும் இழுக்கும் இரண்டு வாகனங்களும் ஒரு நீண்ட இழுவைக் கயிறும் உள்ளவர்களுக்குப் பங்குனி, சித்திரையில் மண்ணித்தலை. எங்கே போனாலும் திரும்பிய அன்றே வாகனத்தின் அடிப்பக்கத்தை நன்னீரால் கழுவிவிட வேண்டும். எங்கள் வாகனத்தின் புகைக்குழாய் அந்தத் தைமாதத்து உப்பால் அடுத்த ஆண்டே ஓட்டை விழுந்தது.