நெட்வொர்க் துறைக்குப் போக எந்தப் பிரிவு: சி.எஸ்.இ.யா, ஐ.டி.யா, இ.சி.இ.யா?

பிளஸ் டூ மதிப்பெண் வந்து கட்-ஆஃப் கணக்கும் போட்டாயிற்று: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக மொத்தம் 200-க்கு இவ்வளவு. அடுத்து எந்தப் பிரிவு என்ற பேச்சு வரும்போது, நெட்வொர்க் துறைதான் வேண்டும் என்று தெளிவாக இருக்கும் பிள்ளைகள்தான் அதிகம் குழம்புகிறார்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் பெரும்பாலான கல்லூரிகளில் நெட்வொர்க்கிங் என்று தனிப் பிரிவு கிடையாது. சி.எஸ்.இ. (கம்ப்யூட்டர் சயின்ஸ்), ஐ.டி. (தகவல் தொழில்நுட்பம்), இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) என்ற மூன்று வழிகளில் ஏதோ ஒன்றில் போய்த்தான் அங்கே சேர வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரௌட்டர், ஸ்விட்ச் (கணினிகளையும் நெட்வொர்க்குகளையும் இணைக்கும் கருவிகள்), ஃபயர்வால் (வேண்டாத போக்குவரத்தைத் தடுக்கும் காவல்), டேட்டா சென்டர், கிளவுட் என்று போக நினைப்பவர்கள் சி.எஸ்.இ. அல்லது ஐ.டி. எடுக்கலாம். 5ஜி, ஆன்டெனா, ஃபைபர், செயற்கைக்கோள் பக்கம் மனம் இழுத்தால் இ.சி.இ. ‘எதற்கும் இருக்கட்டும், இரண்டு பக்கமும் போகலாம்’ என்று இ.சி.இ. எடுப்பவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள்.

இரண்டு பிரிவுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே பிரச்சினையை இரண்டு பக்கமும் நின்று பார்த்தால் விளங்கும். வீட்டில் வை-ஃபையில் வீடியோ கால் பேசுகிறீர்கள். பக்கத்து அறைக்கு நகர்ந்ததும் படம் உறைகிறது, குரல் விட்டுவிட்டு வருகிறது. இ.சி.இ. படித்தவர் முதலில் சிக்னலைப் பார்ப்பார். சுவர் தாண்டியதும் சிக்னல் பலவீனமாகிறது, இரைச்சல் மிஞ்சுகிறது. அதனால் கருவி, தரவை அலையில் ஏற்றும் முறையை (பண்பேற்றம்) மாற்றி, 256-க்யூ.ஏ.எம்.மை விட்டு, மெதுவான ஆனால் இரைச்சலைத் தாங்கும் க்யூ.பி.எஸ்.கே.வுக்கு இறங்குகிறது. முன்னதில் ஒரு குறியீட்டுக்கு 8 பிட் போகும், பின்னதில் 2 பிட்தான். அதே அலைவரிசையில் வேகம் படுத்துவிட்டது. இதைக் கணக்காகப் போட்டுக் காட்ட, சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியே மாற்றமும் நிகழ்தகவும் வேண்டும்.

சி.எஸ்.இ. படித்தவர், நெட்வொர்க்கில் போகும் தரவைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறப்பார். பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) எங்கே தாமதிக்கின்றன, எத்தனை தொலைகின்றன, வீடியோ யு.டி.பி.யில் (தொலைந்ததைத் திரும்ப அனுப்பாத முறை) போகிறதா, அதே நேரத்தில் வேறு யாராவது பெரிய ஃபைலை டி.சி.பி.யில் (தொலைந்ததைத் திரும்ப அனுப்பும் முறை) இறக்கி ரௌட்டரின் வரிசையை நிரப்பிவிட்டார்களா என்று தேடுவார். இருவர் சொல்வதும் சரிதான். இந்த இரண்டு விசாரணையில் எது உங்களுக்குச் சுவையாக இருக்கிறதோ அதை வைத்து முடிவெடுங்கள். வேலைவாய்ப்புப் பட்டியலை வைத்து எடுப்பதைவிட இது நல்லது என்று உறுதியாக நம்புகிறேன்.

பாடத்திட்டத்துக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் சி.எஸ்.இ.க்கும் ஐ.டி.க்கும் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் ஒரே பாடம்தான், ஐந்தாம் செமஸ்டரில் வந்தது. ஆய்வகத்தில் டி.சி.பி. சாக்கெட் (நிரல்கள் நெட்வொர்க்கில் பேசும் வாசல்) வைத்து சாட் நிரல் எழுதுவார்கள், யு.டி.பி.யில் டி.என்.எஸ். (இணையதளப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) போல ஒன்றைச் செய்து பார்ப்பார்கள், டி.சி.பி.டம்ப், ட்ரேஸ்ரூட் போன்ற நெட்வொர்க்கை ஆராயும் கட்டளைகளைப் போட்டுப் பழகுவார்கள். இ.சி.இ.யில் நான்காம் செமஸ்டரில் ‘நெட்வொர்க்ஸ் அண்ட் செக்யூரிட்டி’ என்று ஒரு பாடம் இருந்தது. ஆனால் அதே செமஸ்டரில் மின்காந்தப் புலங்கள், டிஜிட்டல் சிக்னல் புராசஸிங், கம்யூனிகேஷன் சிஸ்டம்ஸ் எல்லாம் சேர்ந்து வந்தன. மின்காந்தப் புலங்களில் பாஸாக வேண்டும் என்ற கவலையில் இருக்கும் மாணவர் சப்நெட்டிங்கை (ஒரு நெட்வொர்க்கைச் சிறு பிரிவுகளாகப் பிரிப்பதை) எத்தனை ஆழமாகப் படிப்பார்? தன்னாட்சிக் கல்லூரிகளிலும் புதிய ஒழுங்குமுறைகளிலும் இந்த வரிசை மாறும், எனவே சேரப்போகும் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியாகப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மேற்படிப்புக்கு கேட் (எம்.டெக். நுழைவுத் தேர்வு) எழுத நினைத்தால், கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் ஒரு முழுப் பகுதி. எலக்ட்ரானிக்ஸ் தாளில் அது இல்லை, தகவல்தொடர்புக் கோட்பாடுதான் இருக்கிறது. அதாவது இ.சி.இ. மாணவர் நெட்வொர்க்கைத் தன் சொந்த ஆர்வத்தில்தான் படித்துக்கொள்ள வேண்டும், தேர்வு அவரை அந்தப் பக்கம் தள்ளாது.

சி.எஸ்.இ.யா ஐ.டி.யா என்ற கேள்விக்கு இந்தத் துறையைப் பொறுத்தவரை அதிகம் யோசிக்க வேண்டாம். நல்ல கல்லூரியில் ஐ.டி. கிடைத்தால், சுமாரான கல்லூரியின் சி.எஸ்.இ.யை விட்டுவிடலாம். கம்ப்யூட்டர் அண்ட் கம்யூனிகேஷன் என்று ஒரு கலப்புப் பிரிவும் சில கல்லூரிகளில் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் நமக்காகவே செய்தது போலிருக்கும். சேருமுன், அரசு வேலை நோக்கம் இருந்தால், அந்தப் பட்டத்துக்கு சி.எஸ்.இ.யோடு இணைத்தன்மை அரசாணை (இரண்டு பட்டமும் சமம் என்ற அரசு உத்தரவு) இருக்கிறதா என்று பார்த்துவிடுவது அவசியம்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது நெட்வொர்க் லேபைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். கணினிகளில் சிமுலேட்டர் (நெட்வொர்க்கைப் போலச் செய்து காட்டும் மென்பொருள்) மட்டும் இருக்கிறதா, அல்லது ரேக்கில் உண்மையான ஸ்விட்சும் ரௌட்டரும் மாணவர் கைபடும்படி இருக்கிறதா? கணினியைக் கருவியோடு நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிளைச் செருகி, 9600 பாட் வேகம் வைத்து, கறுப்புத் திரையில் முதல் கட்டளையைத் தட்டிப் பார்த்த பிள்ளைக்கும், புத்தகத்தில் நெட்வொர்க் வேலையைப் பிரித்துக் காட்டும் ஏழு அடுக்குப் படத்தை மனப்பாடம் செய்த பிள்ளைக்கும் இன்டர்வியூவில் முதல் ஐந்து நிமிடத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். ‘ஒரு /26 சப்நெட்டில் எத்தனை கணினிக்கு முகவரி தரலாம்?’ என்று கேட்டால் 62 என்று தயங்காமல் வர வேண்டும், மொத்தம் 64-இல் குறையும் அந்த இரண்டு முகவரி எங்கே போனது என்றும் சொல்லத் தெரிய வேண்டும்.

வேலைக்காக ஊர் விட்டு ஊர் போயே ஆக வேண்டும் என்பதில்லை. கடலடிக் கேபிள்கள் இந்தியக் கரையேறும் முக்கிய இடங்களில் மும்பையும் சென்னையும் முன்னால் நிற்கின்றன. 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சென்னை–அந்தமான் கேபிள் மட்டும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. கேபிளில் ஒளி போகும் கணக்கு இ.சி.இ. படித்தவருக்கு, டேட்டா சென்டருக்குள் போக்குவரத்தை நடத்துவது சி.எஸ்.இ. படித்தவருக்கு. இரண்டாவதில் இடங்கள் அதிகம், அப்புறம் நிரல் எழுதத் தெரிய வேண்டும். நூறு ஸ்விட்சில் ஒரே மாற்றத்தைக் கையால் செய்வதற்குப் பதில் பைத்தான் மொழியிலும் ஆன்சிபிள் என்ற தானியங்கிக் கருவியிலும் செய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. சி.எஸ்.இ.க்கு நான் சாய்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

எந்தப் பிரிவானாலும், நெட்வொர்க் கருவி நிறுவனமான சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. சான்றிதழ் கைகொடுக்கும். இ.சி.இ. மாணவருக்கு அது கூடுதல் முக்கியம், நெட்வொர்க்கில் அவர் இழந்த பகுதியை அது ஓரளவு நிரப்பும். 2020 பிப்ரவரி முதல் அது 200-301 என்ற ஒரே தேர்வு, நேரம் 120 நிமிடம், கட்டணம் 300 டாலர். நம் வீடுகளுக்கு அது சின்னத் தொகை இல்லை. பயிற்சிக்கு சிஸ்கோவின் சிமுலேட்டரான பாக்கெட் ட்ரேசர் இலவசமாகவே கிடைப்பதால், கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டாமலே தயாராகலாம். சான்றிதழ் மூன்று ஆண்டுதான் செல்லும். முதலாண்டிலேயே எழுதினால் படிப்பு முடியும் நேரத்தில் காலாவதியாகிவிடும். ஆறாம் செமஸ்டர் முடிந்த விடுமுறையில் எழுதினால் வேலை தேடும்போதும் கையில் இருக்கும், நெட்வொர்க் பாடமும் மறந்திருக்காது.