கடல் தண்ணி என்று தொட்டித் தண்ணியை விற்றார்கள்

பினாங்கில் புதிதாக உப்புத்தண்ணி மீன் தொட்டி வைத்திருப்பவர்கள், கடையில் டின்னில் பிடித்துத் தரும் 'கடல் தண்ணி'யை அப்படியே ஊற்றிவிடாதீர்கள். நான் ஊற்றினேன். ஒரு மாதமும் இருநூறு வெள்ளிக்கு மேலும் போய்விட்டது.

வீடு ஜெலுத்தோங் பக்கம், ஃபிளாட். தொட்டி 100 லிட்டர். ஆறு வாரம் மீன் விடாமல் காத்திருந்தேன். சோதனைக் கிட்டில் பார்த்தால், அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். நைட்ரேட் மட்டும் லிட்டருக்கு 20 மில்லிகிராம். புதுத் தொட்டியில் அது இயல்புதான். அழுக்கெல்லாம் கடைசியில் நைட்ரேட்டாகத்தான் வந்து நிற்கும், தண்ணி மாற்றினால் குறையும். ஒரு ஜோடி கோமாளி மீனும் ஒரு சின்னப் பவளமும் விட்டேன். வாரம் 25 லிட்டர் மாற்றினேன், டின் 12 வெள்ளி. "கடலைச் சுத்தி வெச்சுக்கிட்டு கடல் தண்ணிக்குக் காசு கொடுக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்று வீட்டில் கிண்டல் வேறு.

தண்ணி மாற்ற மாற்ற நைட்ரேட் ஏறியது. நான்காவது வாரம் 80 பக்கம் வந்துவிட்டது. பவளம் விரியவே இல்லை.

கடைக்காரரிடம் சொன்னேன். "தம்பி, சாப்பாடு அதிகமா போடுறீங்க" என்றார். இரண்டு மீனுக்கு நான் போடுவதே ஒரு சிட்டிகை. பாக்டீரியா புட்டி ஒன்று கொடுத்தார், 48 வெள்ளி. அடுத்த வாரம் ஒரு வலைப்பை, உள்ளே மணி மணியாக ரெசின், 65 வெள்ளி. "இது நைட்ரேட்டை உறிஞ்சிடும்." அட்டைப்பெட்டி எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. அடுத்து 480 வெள்ளிக்கு ஸ்கிம்மர் காட்டினார், அழுக்கை நுரையாக எடுக்கும் கருவி. அங்கேதான் எனக்குக் கொஞ்சம் உறைத்தது.

அதே ரெசினைப் பெட்டியோடு இணையத்தில் பார்த்தேன். நல்ல தண்ணிக்கு, அதாவது உப்பில்லாத தண்ணிக்கு மட்டும் என்று போட்டிருந்தது. கீழே இன்னொரு வரி: சக்தி தீர்ந்ததும் உப்புக் கரைசலில் ஊறவைத்துப் புதுப்பிக்கவும். அந்த ரெசின் தன்னிடமுள்ள குளோரைடை விட்டுவிட்டு நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்ளும். உப்பில் போட்டால், உப்பிலுள்ள குளோரைடைப் பிடித்துக்கொண்டு நைட்ரேட்டை விட்டுவிடும். கடல் தண்ணியில் லிட்டருக்கு 19 கிராம் குளோரைடு இருக்கிறது. அதில் போய் அது எதைப் பிடிக்கும்?

அன்று ராத்திரி, தொட்டியில் ஊற்றாத டின் தண்ணியையே சோதித்தேன். ஐந்து நிமிடத்தில் நல்ல சிவப்பு, கிட்டின் நிற அட்டையில் 80-ஐத் தாண்டிய சிவப்பு. கிட்டு கெட்டுப்போயிருக்குமோ என்று ஆர்ஓ தண்ணியையும் (வடிகட்டிச் சுத்தம் செய்தது) பார்த்தேன்: சுத்த மஞ்சள், அதாவது நைட்ரேட்டே இல்லை. டின்னைக் கவிழ்த்தபோது அடியில் ஊறி உப்பிய இரண்டு பெல்லட் உருண்டைகள், மீன் தீனி, விழுந்தன. கடலில் யார் பெல்லட் போடுகிறார்கள்?

இரண்டு டியூப்பையும் கடைக்குக் கொண்டுபோனேன். "உங்க கிட்டு காலாவதி." மஞ்சள் டியூப்பைக் காட்டினேன். "அப்போ வேற கடையில வாங்கிக்குங்க தம்பி." ரெசினையும் திருப்பி வாங்கவில்லை. ரசீதில் வெறும் தொகைதான், என்ன பொருள் என்றே இல்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் ஐந்து வெள்ளிதான், போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ரசீதில் பொருளின் பெயரை எழுதி வாங்காதது என் முட்டாள்தனம்.

இப்போது ஆர்ஓ தண்ணியில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் மீன்தொட்டி உப்பைக் கலந்து, ஒரு ராத்திரி பம்ப்பை ஓடவிட்டு, அடர்த்தி 1.025 வந்ததும் மாற்றுகிறேன். கால்வாசி மாற்றினால் 80 என்பது 60, பிறகு 45 என்றுதான் இறங்கும்; அவசரப்பட்டு மொத்தத்தையும் மாற்றினால் மீன் தாங்காது. மூன்று வாரமாகிறது, ஆரஞ்சுக்கு வந்திருக்கிறது. பவளம் பாதி விரிகிறது.

இன்னொன்று. நைட்ரேட் சோதிக்கும்போது கிட்டிலுள்ள இரண்டாவது புட்டியை முப்பது வினாடி நன்றாகக் குலுக்குங்கள். அடியில் படிந்தது கலக்காவிட்டால் அளவு குறைவாகக் காட்டும். முதல் வாரங்களில் நான் குலுக்கவே இல்லை. அந்த 20 உண்மையில் எவ்வளவோ.