கேன் தண்ணீர் சப்ளை: டெலிவரிக்கு ஐந்து ஸ்டார், தண்ணீருக்கு?

மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அங்கே 20 லிட்டர் கேனைத் தோளில் சுமந்து ஏற்றித் தருகிற ஒரு ஏஜென்சியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம். அக்கம்பக்கத்தில் விசாரித்த வரை மற்ற ஏஜென்சிகளும் ஏறக்குறைய இப்படித்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் "2 கேன்" என்று போட்டால் மதியத்துக்குள் வந்துவிடும். மழை, ஞாயிறு, தீபாவளி எதுவும் கணக்கில்லை. கேன் 40 ரூபாய், மாடி ஏற்ற மேலே 5 ரூபாய். அந்தத் தம்பியின் தோளைப் பார்த்தால் அந்த ஐந்தைப் பத்தாகவே கொடுக்கலாம். கேனைக் கவிழ்த்து வைத்து, சிந்தியதைத் துடைத்துவிட்டுத்தான் போவார்.

சரி, தண்ணீருக்கு வருவோம். ஒரு நாள் காலி கேனை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கழுத்து வளைகிற இடத்தில், பிரஷ் எட்டாத மூலையில், பச்சையாக ஒரு கோடு. உடம்பெல்லாம் கீறல். லேபிளில் ஒரு கம்பெனி பெயர், வாயில் சுற்றி வந்த பிளாஸ்டிக் சீலில் இன்னொரு கம்பெனி. பேக் செய்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் நீல மை தீற்றிக் கிடந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 14543 என்று அடைத்து விற்கும் குடிநீருக்கான தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணை, முத்திரை தருகிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது, இன்னும் செல்லுமா என்று காட்டிவிடும். என் கேனில் கடைசி சில இலக்கங்கள் தேய்ந்தே போயிருந்தன.

"தம்பி, இது எங்க எடுக்கிற தண்ணி?"

"பிளான்ட்ல இருந்துதான் அக்கா."

"பிளான்ட்டுக்கு எங்கேர்ந்து வருது?"

சிரித்துவிட்டுப் போனவர், அடுத்த முறை பதிலுக்கு ஒரு டி.டி.எஸ். மீட்டரோடு வந்தார். டம்ளரில் முக்கினார். 32. "பாத்தீங்களா அக்கா?" பார்த்தேன். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் உப்பைக் கணக்குப் போடுகிற கருவி அது. கிருமி பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பாசி பிடித்த கேனில் நாள் கணக்கில் கிடந்த தண்ணீருக்கும் கிட்டத்தட்ட அதே 32-தான் காட்டும்.

எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. சென்னையின் கேன் தண்ணீரில் பெரும்பகுதி புறநகர் போர்வெல் தண்ணீர். உரிமம் இல்லாமல் நிலத்தடி நீர் எடுக்கும் ஆலைகளை மூடச் சொல்லி 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டதும், ஆலைக்காரர்கள் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். கேனுக்கு ஊரே அலைந்தது.

அப்புறம் விலை. 20 லிட்டர் 40 ரூபாய் என்றால் 1000 லிட்டருக்கு 2000 ரூபாய். ஒப்பிட்டுப் பார்க்க: சென்னைக்கு வடக்கே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-இல் திறந்த, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தனியார்தான் கட்டி நடத்தினார்கள். ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். குடிநீர் வாரியம் அதை வாங்க முதலில் ஒப்பந்தமான விலை 1000 லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. அதில் வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் செலவு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேன் விலை அதைப்போல நாற்பது மடங்கு; வண்டி, கூலி, கேன் எல்லாவற்றையும் கழித்துக்கொண்டாலும் இடிக்கிறது. தண்ணீரைத் தனியாருக்குத் தாரைவார்க்கிறார்கள் என்று பேச்சு வந்தால் எல்லோரும் காட்டுப்பள்ளியைத்தான் கைகாட்டுகிறார்கள். அங்கே டெண்டர் இருந்தது, ஒப்பந்தம் இருந்தது, எதிர்த்துக் கேள்வி கேட்க ஒரு காகிதமாவது இருந்தது. என் வாசலுக்கு வருகிற தனியாரிடம் இருப்பது ஒரு வாட்ஸ்அப் நம்பர். டெலிவரிக்கு ஐந்து ஸ்டார், தண்ணீருக்கு இரண்டு. அந்த இரண்டு ஸ்டாரும்கூட, தண்ணீரைக் குடித்து யாருக்கும் வயிற்றுக்கு ஒன்றும் வரவில்லை என்பதற்காக.

இப்போது வேறு ஏஜென்சிக்கு மாறிவிட்டேன். கேனுக்கு 10 ரூபாய் கூட. சாயங்காலம்தான் வருவார்கள், சிந்தினால் துடைப்பதும் இல்லை. ஆனால் லேபிளிலும் சீலிலும் ஒரே பெயர், தேதியைப் படிக்க முடிகிறது, செயலியில் உரிமம் செல்லும் என்று காட்டுகிறது. சமையலுக்குக் கேன் வாங்குவதை நிறுத்தியாகிவிட்டது. குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொள்கிறோம்.

பழைய ஏஜென்சியில் டெபாசிட் 200 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். "கேன்ல கீறல் இருக்கே அக்கா" என்று 50 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.