ஃப்ரீபிஎஸ்டியில் தடுமாறும் ரியல்டெக் நெட்வொர்க் கார்டு: டிரைவரைச் சரிக்கட்டுவதா, டிரைவரை மாற்றுவதா, கார்டையே மாற்றுவதா?

ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் ஓடும் ஒரு சிறிய சர்வரில் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துக் கொண்டிருக்கும்போது, தொலைவிலிருந்து அதை இயக்கும் எஸ்எஸ்ஹெச் திரை சில விநாடிகள் உறைந்து மீண்டும் உயிர்பெறுகிறது. அமைப்பின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையை ஓட்டிப் பார்த்தால் கடைசியில் மூன்று வரிகள் தெரிகின்றன: 'ஆர்இ0: வாட்ச்டாக் டைம்அவுட்', அடுத்து இணைப்பு 'டவுன்', அதற்கும் அடுத்து இணைப்பு 'அப்'. ரியல்டெக் ஆர்டிஎல்8111 குடும்ப நெட்வொர்க் சிப் உள்ள மதர்போர்டுகளில் இது நெடுநாள் அறிமுகமான காட்சி. இதற்கு மூன்று தீர்வுகள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. ஃப்ரீபிஎஸ்டியுடனேயே வரும் ஆர்இ டிரைவரின் சில வசதிகளை அணைத்துப் பார்ப்பது முதலாவது. போர்ட்ஸ் என்ற கூடுதல் மென்பொருள் தொகுப்பிலுள்ள ரியல்டெக் நிறுவனத்தின் சொந்த டிரைவரை நிறுவுவது இரண்டாவது. இன்டெல் கார்டு ஒன்றை வாங்கிச் செருகிவிடுவது மூன்றாவது. யாரைக் கேட்டாலும் மூன்றாவதையே முதலில் சொல்வார்கள். அது தவறான அறிவுரை அன்று. ஆனால், கோளாறு எங்கே இருக்கிறதென்று பாராமலே சொல்லப்படும் அறிவுரை.

அந்த வாட்ச்டாக் வரியை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு பேக்கெட்டை (தரவுத் துண்டை) அனுப்பும்படி சிப்பிடம் ஒப்படைத்ததும் டிரைவர் 5 விநாடிக் கடிகாரம் ஒன்றை ஓடவிடுகிறது. அனுப்பி முடித்துவிட்டதாகச் சிப்பிடமிருந்து அதற்குள் தகவல் வராவிட்டால், சிப் நின்றுவிட்டது என்று கொண்டு அதை முழுமையாக மீட்டமைக்கிறது. இணைப்பு அறுந்து ஒட்டுவது அதனால்தான். இதே செய்தி இன்னொரு வடிவத்திலும் வரும்: வரியின் முடிவில் 'மிஸ்டு டிஎக்ஸ் இன்டரப்ட்ஸ்' என்ற சொற்கள் சேர்ந்திருக்கும். வரிசையிலிருந்த பேக்கெட்டுகள் அனைத்தும் போய்விட்டன, போய்விட்டன என்று சிபியுவுக்குத் தெரிவிக்கும் அறிவிப்பான இன்டரப்ட் மட்டும் வந்து சேரவில்லை என்பது அதன் பொருள். முதல் வடிவம் சிப்பின் இயக்கத்தையே சந்தேகிக்க வைக்கிறது. இரண்டாவது, சிப்புக்கும் சிபியுவுக்கும் இடையிலான அறிவிப்பு வழியைச் சுட்டுகிறது. எந்தத் தீர்வில் கைவைப்பது என்பது பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலேயே முடிவாகிவிடுகிறது.

சிப் எது என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிசிஐகான்ஃப் கட்டளை காட்டும் 8168 என்ற கருவி எண்ணை மட்டும் நம்புவதில் பயனில்லை. பல தலைமுறைச் சிப்புகள் அந்த ஒரே எண்ணைச் சுமந்து வருகின்றன. கணினி தொடங்கும்போது டிரைவர் அச்சிடும் 'சிப் ரெவ்.' வரிதான் உண்மையான அடையாளம். பல மதர்போர்டுகளில் உள்ள 8111ஹெச் சிப்புக்கு அந்த வரியில் 54000000 என்று வரும். கூடவே நெட்ஸ்டாட் காட்டும் உள்வரும் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதா என்றும் பார்த்துவிடலாம். ஏறினால், டிரைவரைத் தொடுவதற்கு முன் கேபிளையும் ஸ்விட்ச் போர்ட்டையும் மாற்றிப் பார்ப்பதே மலிவு.

முதல் வழிக்கு வருவோம். 'மிஸ்டு டிஎக்ஸ் இன்டரப்ட்ஸ்' என்ற வடிவம் தென்பட்டால், ஆர்இ கையேட்டுப் பக்கத்தில் எம்எஸ்ஐ, எம்எஸ்ஐ-எக்ஸ் என்ற இன்டரப்ட் முறைகளை அணைப்பதற்கென விளக்கப்பட்டுள்ள இரண்டு மாறிகளுக்கும், கணினி தொடங்கும்போது படிக்கப்படும் லோடர் கோப்பில் 1 என்று மதிப்புக் கொடுத்துக் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். செலவு இல்லை, நிறுவ வேண்டியது எதுவும் இல்லை. தவறிப்போனால் அந்த வரிகளை அழித்துவிட்டாலே போதும். செக்சம் எனப்படும் பிழைச் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடும் பணியைச் சிப்பிடமிருந்து பறித்துச் சிபியுவிடம் கொடுப்பதும் இவ்வழியைச் சேர்ந்ததே. இஃப்கான்ஃபிக் கட்டளையால் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பிலேயே இதைச் செய்துவிடலாம். கிகாபிட் வேகத்தில் இக்காலச் சிபியுவுக்கு இந்தச் சுமை ஒரு பொருட்டன்று. இது வெறும் குருட்டு நம்பிக்கையும் அன்று. செக்சம் வசதியோடு 60 பைட்டுக்குக் குறைந்த பேக்கெட்டைச் சிப் தானே நிரப்பி அனுப்பும்போது சில ரியல்டெக் சிப்புகளில் உள்ளடக்கம் சிதைந்துபோகிறது என்றும், டிஎஸ்ஓ எனப்படும் துண்டாக்கும் வசதி சில சூழல்களில் பழுதான டிசிபி துண்டுகளை உருவாக்குவதால் அது இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றும் டிரைவரின் மூல நிரலிலேயே குறிப்புகள் உள்ளன. ஆயினும் இவ்வழியை மருந்தாக எண்ணுவதைவிடச் சோதனையாக எண்ணுவதே பொருத்தம் என்பது என் கருத்து. எம்எஸ்ஐ, செக்சம் இரண்டையும் அணைத்த பிறகும் வாட்ச்டாக் வரி வந்தால், இன்னும் பத்து மாறிகளைத் திருகிக்கொண்டிருப்பது வீண் வேலை.

இரண்டாவது வழியான ரியல்டெக்கின் டிரைவர், ஃப்ரீபிஎஸ்டியின் டிரைவரிலிருந்து தனியாகப் பராமரிக்கப்படும் நிரல். ஒவ்வொரு சிப் திருத்தத்துக்கும் தேவையான தொடக்க அமைப்புகள் நிறுவனத்துக்கே முழுமையாகத் தெரியும் என்பதால், சிப் உண்மையாகவே தொங்கிப்போகும் நிலைகளில் இது உதவுவதற்கு வாய்ப்பு அதிகம். 2.5 கிகாபிட் வேகம் கொண்ட ஆர்டிஎல்8125 சிப்பை ஃப்ரீபிஎஸ்டி 13 வரிசையின் ஆர்இ டிரைவர் அடையாளம் காண்பதே இல்லை என்பதால், அங்கே ஒப்பிட எதுவுமில்லை. இந்த டிரைவர்தான் வழி. ஃப்ரீபிஎஸ்டியை அடிப்படையாகக் கொண்ட ஓப்பிஎன்சென்ஸ் ஃபயர்வால் இதைத் தனிச் செருகுநிரலாகவே தருகிறது.

நிறுவுவதில் ஒரு பொறி இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியின் டிரைவர், நிறுவனத்தின் டிரைவர் ஆகிய இரண்டுக்கும் பெயர் ஒன்றே. இயங்குதளத்தின் மையநிரலான பொதுக் கெர்னலுக்குள் ஆர்இ ஏற்கெனவே அமர்ந்திருப்பதால், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது கேஎல்டிலோடு கட்டளையால் புதியதை ஏற்ற முயன்றால், இது கெர்னலிலிருந்து ஏற்கெனவே ஏற்றப்பட்டுள்ளது, பதிவு செய்ய இயலாது என்ற மறுப்புதான் கிடைக்கும். பேக்கேஜ் நிறுவப்பட்டுவிட்டது, கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது என்று வியப்பவர்களில் பலர் பழைய டிரைவரையே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். லோடர் கோப்பில் இரண்டு வரிகள் வேண்டும்: மாட்யூலை ஏற்றச் சொல்வது ஒன்று, பூட் அடைவின் மாட்யூல்ஸ் துணை அடைவிலுள்ள கோப்பின் முழுப் பாதையைச் சொல்வது மற்றொன்று. மறுதொடக்கத்துக்குப் பின் அதே மறுப்பு வரி தலைகீழாக வரும். கெர்னலில் உள்ளதைப் பதிவு செய்ய இயலாது, மாட்யூல் ஏற்கெனவே ஏறிவிட்டது என்று. இம்முறை அது நற்செய்தி.

இந்த டிரைவருக்கும் தனக்கென ஒரு நோய் உண்டு. கார்டு ஏற்கக்கூடிய மிகப்பெரிய ஃபிரேமுக்குப் போதுமான அளவில் அது நினைவகத்தை ஒதுக்கக் கேட்கிறது. நினைவகம் துண்டுதுண்டாகச் சிதறியிருக்கும்போது 4096 பைட்டுக்கு மேல் தொடர்ச்சியான இடம் கிடைக்காமல் டிரைவர் உறைந்துபோகலாம். ஜம்போ ஃபிரேம் எனப்படும் பெரிய ஃபிரேம் தேவைப்படாதவர்கள் பெறும் இடையகத்தின் அளவை 2048 எனக் குறைத்துவிடலாம்; இக்குறிப்பு பேக்கேஜ் நிறுவி முடிந்ததும் திரையில் வருகிறது, படிப்பவர்தான் குறைவு. பல நாள் நன்றாக ஓடிவிட்டுத் திடீரென நிற்கும் கணினியில் நெட்ஸ்டாட் கட்டளையின் எம்பஃப் (நெட்வொர்க் நினைவக) அறிக்கையில் ஜம்போ கிளஸ்டர் மறுக்கப்பட்ட எண்ணிக்கை பூச்சியத்துக்கு மேல் இருந்தால், ஆளைப் பிடித்தாகிவிட்டது.

இதைவிடப் பெரிய செலவு மேம்படுத்தும் நாளில் வருகிறது. இந்த மாட்யூல் கெர்னலுக்கு வெளியே வளர்வது. கெர்னலின் பதிப்பு மாறியதும் அதற்கேற்ப மறுபடி தொகுக்கப்பட வேண்டும். மூலத்திலிருந்து கெர்னல் கட்டுபவர்கள் மேக் அமைப்புக் கோப்பில் இந்தப் போர்ட்டின் பெயரைச் சேர்த்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே கட்டப்படும். மற்றவர்கள், மேம்படுத்துவதற்கு முன் பிஈசிடிஎல் கட்டளையால் ஒரு பூட் சூழலை (பழைய நிலைக்குத் திரும்ப உதவும் அமைப்பு நகலை) எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. திரையும் விசைப்பலகையும் இல்லாமல் மூலையில் கிடக்கும் சர்வர் நெட்வொர்க் இல்லாமல் எழுந்தால், அதை வெளியிலிருந்து எட்ட வழியே இல்லை.

மூன்றாவது வழியின் சிறப்பு வேகம் அன்று, நிம்மதி. இன்டெல் ஐ210, ஐ350 போன்ற சிப்புகளுக்கான டிரைவர் ஃப்ரீபிஎஸ்டியுடனேயே வருகிறது. கெர்னலோடு சேர்ந்தே மாறுகிறது. பல வரிசைகளாகப் பேக்கெட்டுகளைப் பிரித்துப் பல சிபியு கருக்களுக்குப் பகிர்ந்தளிக்கும் வசதியும் உண்டு; ஃபயர்வால் வைத்திருப்பவர்களுக்கு அது பயன்படும், வீட்டுக் கோப்புச் சர்வருக்குத் தேவையில்லை. இன்டெல் என்றாலே குறையற்றது என்றும் கொள்ள வேண்டாம்: 2.5 கிகாபிட் ஐ225 சிப்பின் தொடக்கத் திருத்தங்களில் சில ஸ்விட்சுகளோடு சேரும்போது பேக்கெட் இழப்பு ஏற்பட்டு, சிப்பையே திருத்தி வெளியிட நேர்ந்தது. பழைய ஐ350 கார்டுகளை மலிவாக வாங்கும்போது போலிகள் கலந்திருப்பதையும் கவனிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கார்டைச் செருக பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வேண்டும்; கையகல மினி கணினிகளில் அது இருப்பதில்லை.

ரியல்டெக் மீதான ஏளனத்துக்கு வேர் பழையது. 8139 சிப்புக்கான டிரைவரை எழுதிய பில் பால், அது 'மட்ட ரகம்' என்ற சொல்லுக்கே புதுப்பொருள் தந்துவிட்டது என்ற கருத்தில் மூல நிரலில் குறிப்பெழுதினார். ஆனால் ஆர்இ டிரைவர் கையாளும் பிற்காலச் சிப்புகள் வேறு வடிவமைப்பு. 8139 பெற்ற வசையை அவற்றின் மீது அப்படியே சுமத்துவது நியாயமாகாது. லினக்ஸிலும் இதே வழக்கு ஆர்8169, ஆர்8168 என்ற இரு பெயர்களில் நடக்கிறது. அங்கே பெயர்கள் வேறு என்பதால் எது ஓடுகிறது என்ற குழப்பமாவது இல்லை.

ஸ்லாட் இருக்கிறது, கணினி தொலைவில் ஆளில்லாமல் ஓட வேண்டும் என்றால் நான் இன்டெல் கார்டைத்தான் சொல்வேன், அதுவும் எம்எஸ்ஐயை அணைத்துப் பார்த்த ஒரு மறுதொடக்கத்துக்குப் பிறகு. ஸ்லாட் இல்லாத மினி கணினிக்கு நிறுவனத்தின் டிரைவர், 2048 அமைப்போடு. நெட்வொர்க்கே இல்லாத நிலையில் அந்தப் பேக்கேஜை எப்படி இறக்குவது என்ற கேள்விக்கும் விடை உண்டு: ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, அதில் டெத்தரிங் வசதியைத் திறந்து, யுஎஸ்பி வழி நெட்வொர்க்குக்கான யுஆர்என்டிஸ் மாட்யூலை ஏற்றினால் யுஇ0 என்ற புதிய இடைமுகம் தோன்றும், அதில் ஐபி முகவரி பெறும் டிஹெச்சிபி ஓட்டினால் பேக்கேஜ் இறங்கிவிடும்.