ஆர்டிஃபிசர் கிளாஸ் விளையாடி பாத்தாச்சு, பேலன்ஸ் எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேமோட அஞ்சாவது எடிஷன் 2014ல வந்தப்போ 12 கிளாஸ் (நாம எடுத்து ஆடுற கேரக்டர் வகை), அதுக்கப்புறம் அஃபிஷியலா சேத்த முழு கிளாஸ்னா 2019ல வந்த ஆர்டிஃபிசர் ஒண்ணுதான், அதாவது மேஜிக் கருவி செய்யற கைவினைஞர். புது கிளாஸ்னாலே ஒரு பயம் இருக்கும்ல, ஒண்ணு மத்த எல்லாரையும் ஓரங்கட்டிடும் இல்லன்னா யாரும் எடுக்காம கெடக்கும். இதுல அளவு பாத்து செஞ்சிருக்காங்க. ஸ்பெல், அதாவது மந்திரம், அஞ்சாம் லெவல் ஸ்பெல்லுக்கு மேல கிடையாது, ஆனா கேரக்டர் முதல் லெவல்ல இருக்கும்போதே போட ஆரம்பிச்சிடலாம், 2014 ரூல்படி பாலடின், ரேஞ்சர்ங்கற மத்த ரெண்டு கிளாஸுக்கும் அது கேரக்டரோட ரெண்டாவது லெவல்லதான்.

எனக்கு ரொம்ப பிடிச்சது ஏழாவது லெவல்ல வர்ற ஃபிளாஷ் ஆஃப் ஜீனியஸ். 30 அடிக்குள்ள இருக்கற கூட்டாளி சேவிங் த்ரோ (ஆபத்துலேர்ந்து தப்பிக்க உருட்டற டைஸ்) போடும்போது நம்ம இன்டெலிஜன்ஸ் மாடிஃபையர, அதாவது புத்திக்கு கிடைக்கற போனஸ, அதுல சேத்து விடலாம், ரவுண்டுக்கு ஒண்ணே கிடைக்கற ரியாக்‌ஷன் செலவாகும், லாங் ரெஸ்டுக்கு (நீண்ட ஓய்வு) இத்தன தடவைன்னு கணக்கும் இருக்கு. யாரோட இடத்தையும் புடுங்காம டீமயே தூக்கி விடுற பவர்ங்க இது, அருமை.

ஆனா ஆர்டிஃபிசருக்குள்ள ஒரு பிரிவான ஆல்கெமிஸ்ட்ட நெனச்சாதான் மனசுக்கு கஷ்டமா இருக்கு. 2019ல வந்த ரூல்படி மூணாவது லெவல்ல லாங் ரெஸ்டுக்கு ஒரே ஒரு எலிக்சர் (மேஜிக் மருந்து), அதுவும் டி6, அதாவது ஆறு பக்க டைஸ், உருட்டினாதான் என்னன்னு தெரியும், நாமளே தேர்ந்தெடுக்கணும்னா ஒரு ஸ்பெல் போடுற வாய்ப்பு (ஸ்பெல் ஸ்லாட்) போயிடும். அதே லெவல்ல இன்னொரு பிரிவான ஆர்டிலரிஸ்ட்டோட ப்ரொடெக்டர் பீரங்கி ரவுண்டுக்கு ரவுண்டு 10 அடிக்குள்ள இருக்கற நம்மாளுங்களுக்கெல்லாம் டி8 (எட்டு பக்க டைஸ்) பிளஸ் இன்டெலிஜன்ஸ் மாடிஃபையர் அளவுக்கு டெம்பரரி ஹிட் பாயிண்ட், அதாவது தற்காலிக உயிர் பாயிண்ட், குடுக்குது. ஒரே கிளாஸுக்குள்ள இவ்ளோ வித்தியாசமா?

எங்க டேபிள்ல அந்த டி6 உருட்டல எடுத்துட்டு எலிக்சர அவங்களே தேர்ந்தெடுக்கட்டும்னு விட்டோம், எதுவும் உடையல. நீங்க கேம நடத்தற டிஎம்மா இருந்தா முதல் செஷன்லயே இத பண்ணிடுங்க.