"பேப்பர் எல்லாம் பக்கா" என்று விமானம் விற்கும் ஏஜென்ட்கள், ஜாக்கிரதை

இரண்டு சீட் லேசு ரக விமானம் ஒன்றை வெளிநாட்டிலிருந்து ஏஜென்ட் மூலம் வாங்கினேன். பதிவு, பறக்கும் தகுதிச் சான்றிதழ் இரண்டையும் முடித்துத் தருவதாகப் பேச்சு. அதற்கும் சேர்த்தே பணம் வாங்கினார். கைக்கு வந்தது பழைய நாட்டின் பதிவுச் சான்றிதழ் மட்டும். "பெயர் மாற்றம்தான் பாக்கி சார்" என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

பெயர் மாற்றமாம்! சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான 1944 சிகாகோ உடன்படிக்கைப்படி ஒரு விமானம் ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் பதிவாகியிருக்க முடியாது. பழைய பதிவை அந்த நாடு நீக்கினால்தான் இங்கே விண்ணப்பமே நகரும். அதற்கு அவர் ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

சரி, பதிவு கிடைத்தாலும் பறந்துவிட முடியுமா? முடியாது. விமானம் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதைத்தான் பதிவு சொல்லும். அங்கீகரித்த வடிவமைப்புப்படி இருக்கிறதா, பாதுகாப்பாகப் பறக்குமா என்பதற்குத் தகுதிச் சான்றிதழ் தனி. ஏஜென்ட்கள் பேசும்போது இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறார்கள்.

தனியாக ஒரு பராமரிப்பு இன்ஜினியரை அழைத்துக் காட்டினேன். எஞ்சின் ரோட்டாக்ஸ் 912. அதன் ரப்பர் குழாய்களை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றியதாக லாக்புக்கில் (பராமரிப்பு வேலைகளை எழுதிவைக்கும் புத்தகம்) பதிவு இருந்தது. அவர் டார்ச் அடித்து எரிபொருள் குழாயை மெல்லத் திருப்பினார். அதில் அச்சாகியிருந்த தயாரிப்பு ஆண்டு, கடைசி மாற்றத்துக்கு முந்தைய தடவை மாற்றியதாக எழுதியிருந்த தேதியையும்விடப் பழையது. அதாவது, எழுதியபடி குழாயை மாற்றவே இல்லை. லாக்புக்கில் பல வருஷப் பதிவுகள் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. எஞ்சினில் பொறித்த சீரியல் நம்பர் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை. எடை அறிக்கையோ தொழிற்சாலையில் போட்டது. பிறகு மாட்டிய ரேடியோ, டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) எதன் எடையும் அதில் இல்லை. இந்த லட்சணத்தில் தகுதிச் சான்றிதழுக்காக ஆய்வாளர் முன்னால் எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது?

பணம் திரும்ப வரவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. விமானத்தை நிறுத்திவைத்திருக்கும் ஹேங்கர் வாடகை மட்டும் தவறாமல் ஏறுகிறது.

வாங்கப் போகிறவர்கள் பதிவு நீக்கக் கடிதத்தைப் பார்க்கும் வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். விமானத்தின் உலோகத் தகட்டில் பொறித்த நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் நேரில் போய் லாக்புக்கோடு ஒப்பிடுங்கள். இன்ஜினியரை நீங்களே தேடிப் பிடியுங்கள். ஏஜென்ட் அனுப்பும் ஆள் வேண்டாம்.